ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவில்: தேசிய குடும்ப நல ஆய்வை ஆரணியிலிருந்து வாசித்தல்

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) வெளிவந்தபோது தமிழில் வந்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் இந்திய அளவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். ஆகவே நாம் முன்னணியில் இருக்கிறோம். ரத்தசோகை மட்டும் கூடியிருக்கிறது; ஆகவே கவலைப்படணும். இவ்வளவுதான். அந்த எண்களை எப்படி எடுத்தாங்க, யாரை எண்ணினாங்க, யாரை எண்ணாம விட்டாங்க என்ற கேள்விக்குள் யாரும் பெரிசா போகலை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. பொதுவாகப் பேசினா பிடி கிடைக்காது என்பதால் ஒரு ஊரை வைத்துக்கொள்கிறேன்: திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. 2011 கணக்கெடுப்பில் 63 ஆயிரத்துச் சொச்சம் மக்கள். நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டு நெசவு. வீடுதான் தறிக்கூடம்.

முதலில் ஆய்வுக்குச் சேர வேண்டிய மரியாதையைச் சொல்லிடறேன். 1992-93-ல் தொடங்கிப் பல சுற்று நடந்திருக்கு. மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.பி.எஸ்) நடத்துகிறது. ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்கள், 6 லட்சத்து 36 ஆயிரத்துச் சொச்சம் வீடுகள். அரசாங்கம் தன் திட்டங்களைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் பதிவேடுகளை நம்பாமல், வீட்டுக் கதவைத் தட்டி, குழந்தையைப் பலகையில் படுக்க வெச்சு அளந்து எழுதுகிற ஆய்வு இது. இப்படி ஒன்று இல்லையென்றால் நமக்குக் கையில் இருப்பது துறை அறிக்கைகள் மட்டும்தான்.

அளக்கிற வேலை சாதாரணமில்லை. இரண்டு வயசுக்குக் கீழ் என்றால் படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் என்றால் நிற்க வைத்து உயரம். இரண்டு வயசை நெருங்கும் குழந்தை மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வயசை மூணு மாசம் கூட்டி எழுதிட்டா, உயரக் குறைவு இல்லாத குழந்தைகூட உயரக் குறைவுப் பட்டியலுக்குள் போயிடலாம். பிறந்த தேதியைச் சரியா வாங்குவது அளவுகோலைச் சரியா பிடிப்பதற்குச் சமமான வேலை. தமிழ்நாட்டில் பிரசவம் ஏறக்குறைய முழுக்க மருத்துவமனையில் நடப்பதால் தேதி எழுதின அட்டை வீட்டில் இருக்கும். இந்த விஷயத்தில் நம் எண்கள் வட மாநிலங்களைவிட உறுதியா நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி விமர்சனம். எனக்கு நாலு இடம் உறுத்துகிறது.

முதலாவது, மாவட்ட எண். நாலாம் சுற்றிலிருந்து (2015-16) மாவட்டத் தகவல் தாள் வருகிறது. கலெக்டர் ஆபீஸ் கூட்டங்களில் இதைத்தான் புரட்டுகிறார்கள். ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களில் 27,929 வீடுகள். சராசரியா மாவட்டத்துக்கு 870. ஒவ்வொரு கிராமம் அல்லது நகரத் தொகுதியிலும் 22 வீடு எடுப்பாங்க. அப்போ மாவட்டம் முழுக்க நாற்பது இடம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் நாலு பேர் கிராமத்துக்காரர்கள். மீதி நகரப் பகுதிக்கு எட்டு இடம் வரலாம். அதை திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, பேரூராட்சிகள் எல்லாம் பங்கு போட்டுக்கணும். ஆரணி டவுனுக்கு ஒரு தொகுதியோ இரண்டோ விழுந்திருக்கலாம். ஒன்றுமே விழாமலும் இருந்திருக்கலாம்.

அந்த 870 வீட்டில் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை? நாலு வீட்டுக்கு ஒன்று என்று தோராயமா வெச்சுக்கிட்டா 220. அதில் 25 சதவீதம் உயரக் குறைவு என்று வந்தால், மாதிரி எடுப்பதால் வரும் ஆட்டமே இரு பக்கமும் ஆறு புள்ளி. ஒரே தெருவில் பல வீடு எடுப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். அதாவது உண்மை 19 ஆகவும் இருக்கலாம், 31 ஆகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட எண் போன சுற்றைவிட மூணு புள்ளி குறைந்தது என்பதற்குப் பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. மிகக் குறைவான பேரை வைத்துக் கணக்கிட்ட எண்ணை ஆய்வே அடைப்புக்குறிக்குள் போட்டு எச்சரிக்கிறது. மற்ற எண்களுக்கும் பிழை வரம்பைப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தால் கூட்டங்களில் நடக்கும் பாதி வாக்குவாதம் மிச்சம்.

இரண்டாவது, இதுதான் எனக்குப் பெரிய குறை: வயசு. மாவட்டத் தாளை மேலிருந்து கீழே படிச்சுப் பாருங்க. பிரசவம், தடுப்பூசி, தாய்ப்பால், வயிற்றுப்போக்கு, உயரம், எடை, ரத்தசோகை. ஒரு பெண் குழந்தையை ஐந்து வயசு வரை கூடவே நடந்து வந்து பார்க்கிற மாதிரி இருக்கும். ஐந்து முடிந்ததும் காணோம். மறுபடி எங்கே வருகிறாள்? 15 வயசில், "ஏற்கெனவே தாயானவர் அல்லது கர்ப்பமாக இருப்பவர்" என்ற வரியில். பையன் திரும்பி வருவது பி.பி., சுகர் வரிசையில். நடுவில் பத்து வருஷம். பள்ளிக்கூடப் பருவம் முழுக்க. உடம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது.

காரணம் புரியாமலில்லை. இது உலக நாடுகள் பலவற்றில் நடக்கும் கருவளம், தாய்-சேய் நல ஆய்வுகளின் அச்சில் உருவானது. அதன் மையத்தில் இருப்பவர் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண். குழந்தை அவர் வழியாகத்தான் ஆய்வுக்குள் நுழைகிறது. அமெரிக்காவில் 2003-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நல ஆய்வு வேற வழி எடுத்தது: வீட்டுக்கு ஒரு குழந்தை, 0 முதல் 17 வயசு வரை, பெற்றோரிடம் கேள்வி. தூக்கம், பள்ளி, மனநிலை எல்லாம் கேட்கிறார்கள். ஆனா அங்கே அளவுகோல் வீட்டுக்கு வராது, பெற்றோர் சொல்வதுதான். நம்மிடம் 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 0 முதல் 19 வயசு வரை அளந்தது. ஆனா அதில் மாநில எண்தான் உண்டு. மாவட்டம் கிடையாது, தொடர்ச்சியும் இல்லை.

மூன்றாவது, வீடு என்றால் என்ன என்ற கேள்வி. ஆய்வுக்கு வீடு என்பது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கும் இடம். தரை என்ன, கூரை என்ன, கழிப்பறை உண்டா, எந்த அடுப்பு என்று கேட்கும். ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது குழித்தறி. நெய்கிறவர் கால் குழிக்குள். பக்கத்தில் ராட்டை, தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் வேலை. இந்த வீட்டுக் குழந்தைக்கு மங்கின வெளிச்சம், பட்டுத் தூசி, நாள் முழுக்கத் தறிச் சத்தம், முதலாளியிடம் வாங்கின முன்பணம் எல்லாமே வளரும் சூழல். கேள்வித்தாளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அம்மாவின் வேலையாவது கேட்கிறார்களா? கேட்கிறார்கள், ஆனால் 15 சதவீத வீடுகளில் மட்டும். மாவட்டத்துக்கு 130 வீடு. அதனால் மாவட்ட எண்ணே போட முடியாது. தாய் நாளெல்லாம் ராட்டையில் உட்கார்ந்திருந்தால் ஆறு மாசக் குழந்தைக்கு இணை உணவு எத்தனை வேளை கிடைக்கும்? இந்தக் கேள்வியின் இரண்டு பாதியும் ஆய்வில் தனித்தனியா இருக்கு. ஆரணி மாதிரி ஊருக்கு அதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வழியில்லை.

குழந்தையின் வேலை இன்னும் சிக்கல். காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் ஒரு அறிக்கையே போட்டது. மூன்றாம் சுற்று (2005-06) 5 முதல் 14 வயசுக் குழந்தைகளின் வேலையைக் கேட்டது. அப்போ மாவட்ட எண் கிடையாது. மாவட்ட எண் வந்த 4, 5-ம் சுற்றுத் தகவல் தாள்களில் அந்த வரியே கிடையாது. நடுவில் 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 14 வயசுக்குட்பட்டவர்கள் பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அனுமதித்தார்கள். அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் பத்து வயசுப் பெண், வீட்டார் பார்வையில் உதவுகிறாள். எத்தனை மணி நேரம் வரை அது உதவி? கண்ணும் முதுகும் என்ன ஆகுது? சட்டம் விலக்கு கொடுத்த இடத்தில்தான் கணக்கு கூடுதலா வேணும். மாவட்டத் தாளில் சரியா அந்த இடம் காலி.

நான்காவது, ரத்தம். தமிழ்நாட்டில் 6 மாசம் முதல் 5 வயசுக்குள் ரத்தசோகை 50.7-லிருந்து 57.4 சதவீதமாகக் கூடியதாக ஐந்தாம் சுற்று சொல்லுது. இது விரல் நுனியிலோ குதிகாலிலோ குத்தி எடுக்கும் சொட்டு ரத்தம். இந்திய அளவில் இதே முறையில் 67.1 சதவீதம். ஊட்டச்சத்து ஆய்வு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தபோது 1 முதல் 4 வயசுக்கு 41 சதவீதம்தான். வயசு வரம்பும் காலமும் கொஞ்சம் வேற, ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு பெரிய இடைவெளியை அதை மட்டும் வைத்து விளக்க முடியாது. எடுக்கும் முறைக்கும் பங்கு உண்டு. இதுக்குத் தீர்வாக ஆறாம் சுற்றில் ரத்தசோகைச் சோதனையையே எடுத்துவிட்டு வேறொரு ஆய்வுக்கு மாற்றினார்கள். முறையைத் திருத்தணும் என்ற வாதம் நியாயமானது. ஆனா பழைய முறையையும் புதிய முறையையும் ஒரு சுற்றாவது ஒரே வீடுகளில் பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்த்திருக்கணும். அப்படிச் செய்யாம விட்டா இருபது வருஷத் தொடர் அறுந்து போகும். அறுந்த பாவை முடிச்சுப் போட்டுத்தான் நெய்யணும், புதுப் பாவு ஏத்திட்டா பழைய புடவை முடியாது.

என்ன செய்யலாம்? மாதிரியை இன்னும் பெரிசாக்கு என்று நான் சொல்லவில்லை. களப்பணியாளர் ஏற்கெனவே நீண்ட கேள்வித்தாளைத் தூக்கிட்டு அலைகிறார். கேள்வி கூடக் கூடப் பதிலின் தரம் குறையும். வீட்டிலுள்ள 5-14 வயசுக் குழந்தைகளில் ஒருவரை மட்டும் குலுக்கலில் எடுத்து, உயரம், எடை, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்று நாலே விஷயம் பதியலாம். வீட்டுக்குள் தொழில் நடக்கிறதா என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். பீடி, தீப்பெட்டி, நெசவு எல்லாத்துக்கும் அது உதவும்.

டவுன் அளவு எண்ணுக்குத் தேசிய ஆய்வை எதிர்பார்க்கவே வேண்டாம். அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள். 2013 முதல் பிறப்பிலிருந்து 18 வயசு வரை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு போய்ச் சோதிக்கும் தேசியத் திட்டம் இருக்கு. அந்தப் பதிவுகளை வார்டு வாரியா பிரித்து, ஆய்வு எண்ணோடு ஒப்பிட்டு, எவ்வளவு நம்பலாம் என்று சோதிப்பது ஒரு கல்லூரிப் புள்ளியியல் துறை செய்யக்கூடிய வேலைதான்.

அதுவரைக்கும் மாவட்டத் தாளைக் கையில் எடுக்கிற யாருக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணைப் படிக்கும் முன் அது எந்த வயசுக்கு, எத்தனை குழந்தைகளை வைத்து என்று பாருங்க. ஆரணியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைப் பற்றி அந்தத் தாளில் நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை.