'எந்திரன்' என்னும் கலைச்சொல்: திணையும் பாலும்

'ரோபோ' என்பதற்குத் தமிழில் வழங்கும் 'எந்திரன்' என்னும் சொல்லின் அன் விகுதி, கருவியொன்றை உயர்திணை ஆண்பாலாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ரோபோ' என்னும் சொல்லுக்கு இப்பால்வரையறை இல்லை. கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட செக் நாடகத்தின் வழியே அது பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா' அதன் வேர். அந்நாடகத்தில் சுல்லா என்னும் பெண் ரோபோவும் உண்டு. 1961இல் அமெரிக்க மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் சூடான வார்ப்புகளைக் கையாண்ட யூனிமேட்டோ ஓர் இயந்திரக் கை மட்டுமே. அதனை 'எந்திரன் தூக்கினான்' என்று எழுதுவது பொருந்தாது. 'எந்திரன் தூக்கியது' என்றால் எழுவாயும் பயனிலையும் முரண்படும். 'சூரியன் உதித்தது' என்னும் வழக்கு இல்லையா எனலாம். அது மரபில் வந்த பெயர்; புதிதாக ஆக்கும் கலைச்சொல்லில் அம்முரணை வலிந்து புகுத்த வேண்டியதில்லை. 'ரோபோ' என்னும் கடன்சொல்லே அஃறிணையாக இயல்பாய் நிற்கிறது. உழைப்பு என்னும் வேர்ப்பொருள் அதிலும் புலப்படாமை தனிக்குறை.