வீரர்கள் தயார், கால்வாய்தான் உறையவில்லை

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், உறைந்த கால்வாய்கள், ஏரிகள் வழியே பதினோரு ஊர்களைச் சுற்றிவரும் ஸ்கேட்டிங் பந்தயம் எல்ஃப்ஸ்டேடென்டோக்ட். தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 1909இல் தொடங்கி இதுவரை 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4 அன்று. வென்றவர் ஹென்க் அங்கெனென்ட் என்ற விவசாயி.

ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் போகும் பாதை என்பதால், வழி நெடுக 15 செ.மீ. கனத்துக்கு ஐஸ் கட்டியிருக்க வேண்டும். 2012 பிப்ரவரியில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடுங்குளிர் அடித்தது. ஆனால் ஐஸின் மேல் பனி பொழிந்து போர்வைபோல் மூடிக்கொண்டால் குளிர் கீழே இறங்காது. தன்னார்வலர்கள் பனியை வாரித் தள்ளினார்கள். அப்படியும் பாதையின் தெற்குப் பகுதியில் கனம் போதவில்லை. பந்தயம் இல்லை என்று பிப்ரவரி 8 அன்று அறிவித்தார்கள்.

1963க்கும் 1985க்கும் நடுவிலும் 22 ஆண்டுகள் பந்தயம் இல்லையே என்று கேட்கலாம். இப்போதைய இடைவெளி அதையும் தாண்டிவிட்டது. குளிர்காலத்தின் சராசரி வெப்பமே உயர்ந்துவிட்ட நிலையில், அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

எவர்ட் வான் பென்தெம் 1985, 1986 இரண்டிலும் வென்றார். அவர் திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் அவர் உச்சத்தில் இருந்த இரண்டு ஆண்டுகளிலும் கால்வாய்கள் உறைந்தன. அதே ஃப்ரீஸ்லாந்தில் பிறந்த யோரிட் பெர்க்ஸ்மா, 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் டச்சு ஜாம்பவான் ஸ்வென் கிராமரையே வீழ்த்தித் தங்கம் வென்றவர். நெடுந்தூர மாரத்தான் ஸ்கேட்டிங்கிலும் கைதேர்ந்தவர். 1997இல் அவருக்குப் பத்து வயது. இந்தப் பந்தயத்துக்கென்றே பிறந்தவர்போல் எனக்குத் தோன்றும் அவருக்கு, வயது வந்த பிறகு ஒருமுறைகூட அது வாய்க்கவில்லை. இதைவிடப் பெரிய இழப்பு இந்த விளையாட்டில் எனக்குத் தெரியவில்லை.

உள்ளரங்கப் பதக்கங்கள் குறையவில்லையே என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. அரங்கில் ஐஸ் வழவழப்பாக இருக்கும், காற்று இராது. கால்வாயிலோ இருட்டிலேயே கிளம்ப வேண்டும். நீளவாக்கில் ஓடும் வெடிப்பில் பிளேடு சிக்கினால் ஆள் விழுவார். தெளிந்த கறுப்பு ஐஸ் உறுதியானது, வெளுத்தது நம்பத் தகாதது என்பதைப் பாய்ந்துகொண்டே கண் கணிக்க வேண்டும். பாலத்தடியில் ஐஸ் மெலிந்திருந்தால் கரையேறி, பிளேடு கட்டிய காலோடு விரிப்பின்மேல் ஓட வேண்டும். இதையெல்லாம் எந்த அரங்கமும் கற்றுத்தராது.

ஆஸ்திரியாவில் சுமார் 930 மீட்டர் உயரத்தில் உள்ள வைசென்சே ஏரியில் 1989 முதல் டச்சுக்காரர்கள் மாற்றுப் பந்தயம் நடத்துகிறார்கள். அதே 200 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரே ஏரியில் திரும்பத் திரும்பச் சுற்றுவது. ஊர்கள் இல்லை, பாலங்கள் இல்லை. என்றாலும் இயற்கை ஐஸ், திறந்த காற்று. நாளையே ஃப்ரீஸ்லாந்து உறைந்தால், அரங்கத்தில் சாதனை வைத்திருப்பவரை விட்டுவிட்டு, வைசென்சேயில் ஆண்டுதோறும் காற்றோடு மல்லுக்கட்டும் ஒருவர்மேல்தான் நான் நம்பிக்கை வைப்பேன்.