தரம் பார்த்தலும் தமிழ் நடையும்

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் பெயர்ச்சொல்லுக்காகப் போராடிய அளவிற்கு வினைச்சொல்லுக்காகக் கவலைப்பட்டதில்லை. இக்குறை எத்துணைப் பெரிது என்பதை அறிய, இரசாயனக் கூடத்துச் செய்முறைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வலிமை தெரிந்த ஒரு கரைசலைக் கொண்டு, வலிமை தெரியாத மற்றொன்றைச் சொட்டுச் சொட்டாக அளந்து காணும் முறை அது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனைத் 'தரம் பார்த்தல்' என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் 'நியமிப்பு' என்கின்றன. நம் நாட்டுப் பிள்ளைகளோ இடைநிலைப் பள்ளியில் 'பெந்தித்ராத்தான்' என்று மலாயில் பயில்கின்றனர். அமிலம், காரம், லிட்மஸ் தாள் என்ற அளவோடு அவர்களது இரசாயனத் தமிழ் நின்றுவிடுகிறது.

பாசிர் கூடாங்கில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. இங்குள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வந்துசேரும் கச்சாச் செம்பனை எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் எவ்வளவு என்று காண்பது இம்முறையால்தான். பழம் அடிபட்டாலும், வெட்டிய குலை நாட்கணக்கில் கிடந்தாலும் இவ்வமிலம் ஏறும். வாணிகத்தில் வழக்கமாகக் குறிக்கும் மேல்வரம்பு 5 விழுக்காடு. கணக்கைப் பாருங்கள். 5 கிராம் எண்ணெயை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலால் சோதித்தால், ஒரு மில்லிலிட்டர் கரைசல் பால்மிட்டிக் அமிலக் கணக்கில் 0.512 விழுக்காட்டைக் குறிக்கும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். ஆகவே 4.9 விழுக்காடுள்ள எண்ணெயை 5 என்று காட்ட, கூடுதலாக விழும் நான்கு சொட்டே போதும். தானியங்கிக் கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும் அந்த நான்கு சொட்டின் விலை குறையவில்லை.

முதலில் பெயர்களை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1875-இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டிய அந்த முறையை இன்று எவரும் விரும்புவதில்லை. அதன்பின் வந்த 'நியமிப்பு' தமிழோசை உடையதுதான். ஆயினும் இன்றைய வழக்கில் நியமித்தல் என்றால் வேலையில் அமர்த்துதல் என்றே மாணவன் கொள்வான். அதுமட்டுமன்று. அளவிடப் பயன்படும் கரைசலின் வலிமையைத் தூய பொருளொன்றைக் கொண்டு முன்னதாக உறுதிசெய்வது தனியான வேலை. நியமம் என்ற சொல் அதற்கே பொருந்தும். இரண்டையும் ஒரே வேரில் கட்டினால் மாணவன் குழம்புவான்.

'தரம் பார்த்தல்' சந்தைச் சரக்கை நினைவூட்டுகிறதே என்று முகம் சுளிப்பவர் உண்டு. அவர்கள் மூலச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்து பார்க்கட்டும். 'தீத்ர்' என்னும் பிரெஞ்சுச் சொல் பொன், வெள்ளி ஆகியவற்றின் மாற்றைக் குறித்தது. கே-லுசாக் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1832-இல் வெளியிட்ட முறையில், நாணய வெள்ளியின் தூய்மையை உப்புக் கரைசலால் அளந்து கண்டார். நம் பொற்கொல்லர் உரைகல்லில் மாற்றுப் பார்த்ததற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. ஆகவே சந்தைச் சொல் என்று பழிக்கப்பட்டதே வேருக்கு மிக அருகில் நிற்கிறது. என் வாக்கு அதற்கே.

கருவிப் பெயர்களில் இலங்கையர் ஒருபடி முன்னே சென்றனர். பியூரெட்டை 'அளவி' என்றும் பிப்பெட்டைக் 'குழாயி' என்றும் வழங்கினர். வடிவம் அழகியது. ஆனால் இரண்டும் குழாய்தான், இரண்டும் அளப்பவைதான். ஒன்று 25 மில்லிலிட்டர் என்று குறித்த அளவை மட்டும் எடுத்துத் தரும்; மற்றது எவ்வளவு செலவாயிற்று என்று காட்டும். இவ்வேறுபாடு அப்பெயர்களில் இல்லை. பெரிய குற்றமன்று, பழகினால் தீரும்.

பழகினாலும் தீராதது வாக்கிய நடை. நூல்களின் போக்கைக் காட்ட நானே ஒரு மாதிரி அமைக்கிறேன்: 'பியூரெட்டும் கூம்புக் குடுவையும் நன்கு கழுவப்படுகின்றன. பின்னர் நிறம் மாறும் வரை கரைசல் சேர்க்கப்படுகிறது.' இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் இதைப் படித்துச் செய்பவன் விடை தவறும்.

'கழுவுதல்' என்பதை எடுங்கள். குடுவையைத் தூய நீரால் கழுவினால் போதும். ஈரம் இருந்தாலும் கேடில்லை. பியூரெட்டையோ அதில் ஊற்றவிருக்கும் கரைசலாலேயே இறுதியில் அலச வேண்டும். இல்லையேல் ஒட்டிய நீர் கரைசலை நீர்க்கச் செய்யும். குடுவையைக் கரைசலால் அலசினாலோ அளக்காத அமிலம் உள்ளே தங்கிவிடும். கழுவுவது வேறு, அலசுவது வேறு என்பது துணி துவைக்கும் தாய்மார் அனைவரும் அறிந்தது. நூலாசிரியர் கையில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டன!

அடுத்து, 'வரை'. மாணவன் 'நிறம் மாறும் வரை' என்பதை அப்படியே கொண்டு, கரைசல் செக்கச் சிவந்த பின்னரே குழாயை மூடுகிறான். பினாப்தலீனைப் போட்டுக் காரத்தைச் சேர்க்கையில், முதலில் சிவப்புத் தோன்றித் தோன்றி மறையும். சுழற்றிய பின்னும் வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாது நின்றால் அதுவே முடிவு. அதற்குமேல் சிவந்தால் எல்லை கடந்தாயிற்று. இங்குத்தான் தமிழ் வினைகளின் செல்வம் பயன்பட வேண்டும். தொடக்கத்தில் ஒழுகவிடு, நிறம் மறையத் தாமதிக்கும்போது சொட்டவிடு, கடைசியில், நுனியில் தொங்கும் அரைத்துளியைக் குடுவையின் சுவரில் ஒற்றி எடுத்து, தூய நீரால் கழுவி உள்ளே இறக்கு. ஒழுகு, சொட்டு, ஒற்று என்ற மூன்று வினைகளும் கையின் வேகத்தையே சொல்லிவிடுகின்றன. 'சேர்க்கப்படுகிறது' என்ற செயப்பாட்டுவினையில் கையும் இல்லை, வேகமும் இல்லை.

துல்லியம், நுட்பம் என்ற இரு சொற்களைத் தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் பிரித்தாள்வது போற்றத்தக்கது. உண்மை அளவிற்கு அருகில் இருப்பது துல்லியம். மீண்டும் மீண்டும் ஒரே அளவு வருவது நுட்பம். பிப்பெட்டின் நுனியில் எஞ்சும் துளியைச் சுவரில் தொட்டு விட்டுவிட வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் வாயால் ஊதித் தள்ளும் மாணவனுக்கு மூன்று அளவும் ஒத்தே வரும். மூன்றும் ஒரேமாதிரி தவறாகவும் இருக்கும். ஒத்து வந்ததே சரி என்று எண்ணி அவன் மகிழ்கிறான். இயற்பியல் நூல் தந்த இவ்வேறுபாட்டை இரசாயனச் செய்முறைப் பக்கங்களும் கைக்கொண்டால் நலம்.

இடைநிலைப் பள்ளி மொழி மலாய் ஆயிற்றே, தமிழாசிரியர் இதில் செய்வதற்கு என்ன உண்டு என்று கேட்கலாம். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலநீர் கிடைக்கும். சொட்டுக் குழாயால் எலுமிச்சைச் சாற்றை அதில் விட்டுக் கலக்கினால் நீலம் ஊதாவாக மாறும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை இரு குழுவாக்கி, சொட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். இரு குழுவின் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒத்துவராது. ஏன் என்று கேட்டு, யார் ஒழுகவிட்டார், யார் சொட்டவிட்டார், யார் கலக்காமலே அடுத்த சொட்டை விட்டார் என்பதை அவர்கள் வாயாலேயே தமிழில் சொல்லவும் பிறகு எழுதவும் வையுங்கள்.