மூச்சைப் பகிரும் மரபு: டெக் டைவிங்கில் ஹோஸ் பாணிகளும் நெறிகளும்

தலைக்கு மேல் திறந்த நீர் இருக்கும் வரை முக்குளிப்பவருக்கு மேலே ஏறிவிடும் வழி ஒன்று எப்போதும் உண்டு. குகைக்குள் நுழைந்தவருக்கு அந்த வழி கிடையாது. கப்பல் சிதைவின் அறைக்குள் புகுந்தவருக்கும், உடலில் கரைந்த வாயு வெளியேறும் வரை படிப்படியாகத் தங்கித் தங்கி ஏற வேண்டியவருக்கும் அதே நிலைதான். இவர்கள் செய்வதைத்தான் தொழில்நுட்ப முக்குளிப்பு, சுருக்கமாக டெக் டைவிங், என்கிறோம். காற்றோ கருவியோ கைவிட்டால் இவர்களுக்கு மிஞ்சுவது உடன் வரும் தோழரின் சிலிண்டர். அந்தக் காற்று ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். ஹோஸின் நீளம் எவ்வளவு, அது எந்த வால்விலிருந்து புறப்பட வேண்டும், உடம்பை எப்படிச் சுற்ற வேண்டும் என்ற கேள்விகளைச் சுற்றித் தனித்தனிப் பாணிகள் வளர்ந்திருக்கின்றன. அவை அனைத்தையும் ஒரே அளவுகோலால் எடைபோடலாம் என்பது என் துணிபு. ஆபத்து நேரும் கணத்தில் வேலை யார் தலையில் விழுகிறது? தவிப்பவர் தலையிலா, நிதானமாக இருப்பவர் தலையிலா?

ஆக்டோபஸ் வரை

1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காக்னானும் அக்வாலங் கருவியை உருவாக்கியபோது அதில் வாய்ப்பகுதி ஒன்றே ஒன்று. தோழருக்குக் காற்று தீர்ந்தால், இருவரும் அதை மாற்றி மாற்றி வாயில் வைத்து மூச்சுவிட வேண்டும். பயிற்சிக் குளத்தில் எளிதாகத் தோன்றும் இந்த வித்தை, பதற்றத்தில் இருவரையும் சேர்த்து மூழ்கடிக்கக் கூடியது. காற்றுக்கு ஏங்கும் ஒருவர் கையில் கிடைத்த ரெகுலேட்டரை, அதாவது வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவியை, திருப்பிக் கொடுப்பார் என்று எதிர்பார்க்கும் முறை அது.

1960களில் இரண்டாவது ரெகுலேட்டர் ஒன்றைக் கூடவே பொருத்தும் வழக்கம் பிறந்தது. ஆக்டோபஸ் என்ற பெயரில் அது இன்று உலகெங்கும் பொழுதுபோக்கு டைவிங்கின் பொது நியதி. சுமார் ஒரு மீட்டர் ஹோஸ், கண்ணில் படும் மஞ்சள் நிறம், முகவாய்க்கும் இடுப்புக்கும் இடையே மார்பில் ஓர் இடம். ஆழம் குறைந்த திறந்த நீரில் இது போதுமானது. ஆனால் அந்த மஞ்சள் ரெகுலேட்டர் முக்குளிப்பு முழுவதும் யாரும் மூச்சிழுக்காமல் தொங்குகிறது. மணல் புகுந்திருக்கலாம், கொக்கியிலிருந்து நழுவி முதுகுப்பக்கம் போயிருக்கலாம். தவிப்பவர்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரோ தேடுவதில்லை. குமிழி எங்கே வருகிறதோ அங்கே, அதாவது தோழரின் வாயில் இருப்பதற்கே, கை நீட்டுகிறார்.

ஃபுளோரிடா தந்த பாடம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து நீரூற்றுக் குகைகள் கண்ணாடி போலத் தெளிந்தவை. அந்தத் தெளிவே பயிற்சியில்லாத பலரை உள்ளே இழுத்து உயிரைப் பறித்தது. ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வாசல் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு இல்லாமை, வெளியேறுவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, அளவு மீறிய ஆழம் ஆகிய மூன்றையும் அதில் முக்கியக் காரணங்களாக எடுத்துக்காட்டினார். மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போ, ஒரு பங்கில் வெளியே வா, ஒரு பங்கைத் தொடாதே என்ற விதி இன்றும் குகை டைவர்களின் பாலபாடம்.

அந்த மூன்றாம் பங்கு தோழருக்கானது. குகையின் கடைக்கோடியில் ஒருவருக்கு எல்லாக் காற்றும் போய்விட்டாலும், இன்னொருவரின் சேமிப்பில் இருவரும் வெளியேற முடிய வேண்டும். ஆனால் பாதை குறுகும் இடத்தில் இருவர் அருகருகே நீந்த முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். ஒரு மீட்டர் ஹோஸ் அங்கே உதவாது. ஏழு அடி, அதாவது சுமார் 2.1 மீட்டர் நீள ஹோஸ் குகை டைவர்களிடம் நிலைபெற்றதற்கு இதுவே காரணம்.

ஹொகார்த்தியன் பாணி

நீள ஹோஸை எங்கே வைப்பது என்பதில் முதலில் கருத்து வேறுபாடு இருந்தது. சிலிண்டரின் ஓரத்தில் ரப்பர் பட்டைகளுக்குள் மடித்துச் செருகுவது ஒரு வழக்கம். இழுத்தால் வந்துவிடும். ஆனால் நீருக்குள் அதை மறுபடி மடித்துச் செருக அணிந்தவரால் எளிதில் இயலாது.

ஃபுளோரிடாவின் வில்லியம் ஹொகார்த் மெயின் பெயரால் அழைக்கப்படும் பாணி வேறு வழி கண்டது. தேவையற்ற எதையும் அணியாதே, அணிந்ததை உடலோடு ஒட்டி வை என்பது அதன் சாரம். முதுகில் இரட்டைச் சிலிண்டர். இரண்டையும் இணைக்கும் மேனிஃபோல்டில் வலமும் இடமும் ஒவ்வொரு வால்வு, நடுவே இரண்டையும் பிரிக்கும் வால்வு. நீள ஹோஸ் வலது வால்விலிருந்து கீழிறங்கி, வலது இடுப்பிலுள்ள விளக்கின் பேட்டரி உருளைக்கு அடியில் நுழைந்து, மார்பைக் குறுக்காகக் கடந்து, இடது தோளேறி, பிடரியைச் சுற்றி, வலப்புறமாக வாய்க்கு வருகிறது. பேட்டரி உருளை இல்லாதவர் மிச்ச ஹோஸை இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்கிறார். இடது வால்விலிருந்து வரும் குட்டை ஹோஸின் ரெகுலேட்டர், கழுத்து மாலை போன்ற ரப்பர் வளையத்தில் முகவாய்க்குக் கீழே எப்போதும் தயாராக இருக்கிறது.

இங்கே கொடுக்கப்படுவது வாயில் இருக்கும் ரெகுலேட்டர். சைகை கண்டதும் டைவர் அதை எடுத்துத் தோழரிடம் நீட்டுகிறார், தலையைக் குனிந்து பிடரியிலிருந்து ஹோஸை விடுவிக்கிறார், முகவாய்க்குக் கீழுள்ளதைத் தன் வாயில் வைத்துக்கொள்கிறார். தவிப்பவருக்குக் கிடைப்பது ஒரு கணம் முன்பு வரை ஒழுங்காக வேலை செய்த கருவி. அதில் வரும் வாயு அந்த ஆழத்தில் சுவாசிக்கத் தக்கது என்பதும் அப்போதே நிரூபணமாகிவிட்டது.

ஏன் வலது வால்வு? முன்னோக்கி நீந்தும்போது குகைக் கூரையில் உரசினால், திருகு அமைந்த திசையால் இடது வால்வு மூடிக்கொள்ளும், வலது வால்வு திறக்கும் பக்கமாகவே சுழலும். ஆகவே பிறருக்குக் கொடுக்கப்படும் ஹோஸ் மூடிக்கொள்ளாத பக்கத்தில் இருக்கிறது. இதை எதிர்த்து நியாயமான ஒரு வாதம் உண்டு. இடது வால்வு தெரியாமல் மூடியிருந்தால், வாயிலிருந்ததைக் கொடுத்துவிட்டுக் குட்டை ஹோஸுக்கு மாறுபவருக்கு அல்லவா காற்று வராது? உண்மைதான். ஆனால் அவர் பதறாமல் இருப்பவர், பயிற்சி பெற்றவர், கையைப் பின்னுக்கு நீட்டி வால்வைத் திறக்கத் தெரிந்தவர். குறுகலைக் கடந்ததும் வால்வுகளைத் தொட்டுப் பார்க்கும் வழக்கமும் இதற்காகவே. சிக்கல் இருந்தால் அது சமாளிக்கக் கூடியவரிடம் போய்ச் சேரட்டும் என்ற இந்த ஏற்பாட்டை, முக்குளிப்பு மரபின் மிக உயர்ந்த சிந்தனையாகக் கருதுகிறேன்.

ஃபுளோரிடாவின் வக்குல்லா நீரூற்றுப் பகுதியை ஆராய்ந்த வுட்வில் கார்ஸ்ட் பிளெய்ன் திட்டத்தினர் இந்தப் பாணியைக் குழு முழுவதற்கும் ஒரே சீராக்கினர். ஜார்ஜ் இர்வினும் ஜாரட் ஜாப்லோன்ஸ்கியும் அதன் முன்னணியினர். ஜாப்லோன்ஸ்கி 1998இல் தொடங்கிய குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் அமைப்பு இதை உலகெங்கும் கற்பிக்கிறது. 2007 டிசம்பரில் ஜாப்லோன்ஸ்கியும் கேசி மெக்கின்லேயும் டர்னர் சிங்க் என்ற குழியிலிருந்து வக்குல்லா வரை சுமார் 11 கிலோமீட்டர் நிலத்தடி நீர்வழியைக் கடந்தார்கள். பெரும்பகுதி 90 மீட்டரை ஒட்டிய ஆழம்.

பக்கச் சிலிண்டர் பாணிகள்

இங்கிலாந்தின் மரபு வேறு மண்ணில் முளைத்தது. 1935இல் வூக்கி ஹோல் குகையில் கிரஹாம் பால்கம், ஜாக் ஷெப்பர்டு ஆகியோர் தொடங்கிவைத்த முயற்சி, 1946இல் கேவ் டைவிங் குரூப் என்ற அமைப்பாயிற்று. அங்குள்ள நீர்வழிகள் குளிர்ந்தவை, கலங்கியவை, உடல் நுழையவே இடமில்லாதவை. தோழர் அருகில் வரவே முடியாத இடத்தில் பகிர்வதற்கு ஹோஸ் எதற்கு? ஆகவே விலாப்பக்கம் இரண்டு தனித்தனிச் சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர், தனி அழுத்தமானி. ஒன்று பழுதானால் மற்றது. தனக்குத் தானே தோழர் என்ற கண்டிப்பான மரபு அது.

பக்கச் சிலிண்டர் முறை பின்னர் ஃபுளோரிடாவில் வளர்ந்து, சைடுமவுண்ட் என்ற பெயரில் பரவியபோது தோழரும் திரும்ப வந்தார். வலது சிலிண்டரில் நீள ஹோஸ், இடது சிலிண்டரில் கழுத்து வளையத்துக் குட்டை ஹோஸ். ஆனால் இரு சிலிண்டரும் சமமாகக் குறைய வேண்டும் என்பதால் டைவர் மாறி மாறிச் சுவாசிக்கிறார். எனவே பாதி நேரம் நீள ஹோஸ் வாயில் இருக்காது, வலது தோள் வளையத்தில் மாட்டியிருக்கும். அந்த நேரத்தில் உதவி கேட்பவர் வாயை நோக்கிக் கை நீட்டினால் அவருக்குக் கிட்டுவது குட்டை ஹோஸ். பலமாக இழுத்தால் விட்டுவிடும் கொக்கியும், எந்தக் கணத்தில் எது வாயில் இருக்கிறது என்ற இடையறாத நினைவும் இதற்கு விடைகள். நினைவு தவறக் கூடியது என்பதால், இந்தப் பாணியில் பயிற்சி இரட்டிப்பாக வேண்டும்.

சிதைவுகளும் படிநிறுத்தங்களும்

கப்பல் சிதைவில் துருப்பிடித்த விளிம்புகளும் தொங்கும் கம்பிகளும் உடலை விட்டு வெளியே நீண்ட எந்த ஹோஸையும் பிடித்துக்கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. டெக் டைவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். அத்தகைய ஆழத்திலிருந்து ஏறும்போது படிநிறுத்தங்களுக்கென்று வேறு வாயுக்கள் தேவைப்படும்.

அந்த வாயு ஒவ்வொன்றுக்கும் தனிச் சிலிண்டர், சுமார் ஒரு மீட்டர் ஹோஸ். பயன்படுத்தும் வரை ஹோஸ் சிலிண்டரின் ரப்பர் பட்டைகளுக்குள் மடிந்திருக்கும். 50 சதவீத ஆக்சிஜன் கலவையை 21 மீட்டரிலும், தூய ஆக்சிஜனை 6 மீட்டரிலும்தான் தொடலாம். அதற்குக் கீழே தவறாக இழுத்தால் வலிப்பு வந்து வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவக்கூடும். சிலர் ஹோஸுக்கு நிறம் கொடுத்து அடையாளப்படுத்துகிறார்கள். ஹொகார்த்தியன் வழியினர் நிறத்தை நம்புவதில்லை. சிலிண்டரில் பெரிதாக எழுதிய ஆழ எண்ணைத் தோழர் படித்துச் சரிபார்க்க வேண்டும், ஹோஸை வால்விலிருந்து வாய் வரை கையால் தடவிப் பின்தொடர வேண்டும். இருவரும் பார்த்த பிறகே மாற்றம்.

பொது நெறிகள்

பாணி எதுவானாலும் சில நெறிகளில் எல்லாரும் உடன்படுகிறார்கள். நீள ஹோஸின் மேல் வேறு எதுவும் கிடக்கக் கூடாது. விளக்கின் வயரோ சிலிண்டர் கொக்கியோ குறுக்கே விழுந்தால் கொடுக்கும் கணத்தில் ஹோஸ் பாதியில் நின்றுவிடும். ஆகவே கழுத்து வளையத்தை முதலில் அணிந்து, நீள ஹோஸைக் கடைசியாகச் சுற்றுகிறார்கள். உலோகத்தோடு உலோகம் மட்டும் கோத்த இணைப்பு கூடாது. கொக்கியை நூல்கயிற்றால் கட்டினால், சிக்கிக்கொண்ட வேளையில் கத்தியால் அறுத்துவிடலாம்.

ஹோஸின் உடல்நலமும் நெறியின் பகுதிதான். முதல்நிலை ரெகுலேட்டர், சிலிண்டரின் அழுத்தத்தைச் சுற்றுநீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 9 முதல் 10 பார் கூடுதலாக இருக்கும்படி குறைத்து ஹோஸுக்கு அனுப்புகிறது. அந்த ஹோஸ் வெடித்தால் காற்று மிக வேகமாகப் போகும். அழுத்தமானியின் ஹோஸில் அழுத்தம் மிக அதிகம் என்றாலும், அதன் வாயில் ஊசித்துளைதான் இருக்கிறது, இழப்பு மெதுவாகவே நடக்கும். வெடிப்பு பெரும்பாலும் உலோக முனையை ஒட்டித் தொடங்குவதால், அங்கே மாட்டும் உறைகள் விரிசலை மறைத்துவிடுகின்றன. வளைத்துப் பார்ப்பதும், நீரில் குமிழி பார்ப்பதும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை. பின்னல் ஹோஸ்கள் சிலவற்றின் உட்குழாயில் படிகங்கள் உருவாகிக் காற்றைத் தடுத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. வெளியே பளபளப்பாக இருப்பது உள்ளே நலமாக இருப்பதற்குச் சான்றல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒத்திகை. இறங்குவதற்கு முன் நீள ஹோஸை முழுவதுமாக நீட்டிக் கொடுத்து வாங்கிப் பார்க்காத குழுவுக்கு, அவர்கள் எந்தப் பாணியைச் சேர்ந்தவர்களானாலும், பாணியே இல்லை என்பேன்.

இன்று கருவிகள் வேகமாக மாறுகின்றன. வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் ரீபிரீதர் கருவியோடு ஹோஸ்களின் வரைபடமே மாறிவருகிறது. அவசரக் காற்றை எந்தச் சிலிண்டரில் வைப்பது, அதன் ஹோஸ் எவ்வளவு நீளம் என்ற பழைய கேள்விகள் அங்கே புதிதாகக் கேட்கப்படுகின்றன. கற்பிப்பவர்கள் மாணவருக்கு ஹோஸின் வழியை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. இந்த ஏற்பாட்டில் தவிப்பவர் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று ஒவ்வொரு அமைப்பையும் பார்த்துக் கேட்கவும் பழக்க வேண்டும். அவர் செய்ய வேண்டியது மிகக் குறைவாக இருக்கும் அமைப்பையே நான் நம்பி ஏற்பேன். மற்றவர்களும் அப்படியே ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.