சாப்பாட்டு மேசையும் சுளகும்

கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ் எல்லாத் துறையினருக்கும் பொது. அதனால் கணினி அறிவியல் மாணவிகளுக்கும் நான் தமிழ் நடத்தியிருக்கிறேன். அப்படிப் படித்துப் போன ஒருத்தி சென்ற ஆண்டு ஓர் இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தாள். குழந்தையைத் தூங்கவைத்த பிறகுதான் அவளுக்குப் பேச நேரம் கிடைக்கும். பேறுகால விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பியவளுக்கு, ஆறு ஆண்டுகளாகச் செய்துவந்த நிரல் எழுதும் வேலையைத் தரவில்லை. எக்செல் அட்டவணை நிரப்பும் வேலையைத் தந்தார்கள். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“அம்மா, எனக்குப் புரோகிராம் எழுதப் பிடிக்கும். யாருக்குக் கீழயும் இல்லாம, மனசுக்குப் பிடிச்ச மாதிரி அதையே எழுதிச் சம்பாதிக்கணும். வீட்டுல இருந்தே செய்யலாம்தானே?”

தமிழாசிரியையிடம் கேட்கிற கேள்வி இல்லை இது. ஆனாலும் கேட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தது புத்தகம்தான் என்பதால், ஸ்டெபனி ஷர்லியின் தன்வரலாறான ‘லெட் இட் கோ’வைப் படிக்கச் சொன்னேன். பத்திரிகையாளர் ரிச்சர்ட் ஆஸ்க்வித்துடன் சேர்ந்து ஷர்லி எழுதி 2012-ல் வெளிவந்த நூல் அது. படிக்கச் சொன்ன பொறுப்புக்காக நானும் அதை மறுபடி எடுத்தேன். முன்பு மகிழ்ந்து அடிக்கோடிட்ட சில இடங்களில் இந்த முறை பேனா நகரவில்லை.

ஷர்லி 1933-ல் ஜெர்மனியின் டோர்ட்முண்டில், வேரா புக்தால் என்ற பெயரில் பிறந்தவர். தந்தை யூதர், நீதிபதி. நாஜிகளிடமிருந்து பிள்ளைகளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று பெற்றோர்கள் அவர்களை ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம். 1939-ல் ஐந்து வயது வேராவும் ஒன்பது வயது அக்காவும் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்த வேரா, பெண்கள் பள்ளியில் கணக்கு கற்றுத்தர வசதி இல்லாததால் அனுமதி வாங்கி ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். பதினெட்டு வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு ஆண்டுகள் மாலை வகுப்புக்குப் போய்க் கணிதத்தில் பட்டம் வாங்கினார். கணினி அவருக்கு அறிமுகமானது அந்த நாள்களில்தான். நிரல் எழுதுவதில் அவருக்கு உண்டான ஈடுபாட்டைச் சொல்லும் பக்கங்கள் நூலின் மிக உயிருள்ள பகுதி. இவ்வளவு பிடித்த வேலைக்குச் சம்பளமும் தருகிறார்களே என்று வியக்கிற ஓர் இளம்பெண்ணை அங்கே பார்க்கலாம்.

அந்த வியப்பு வெகுநாள் நீடிக்கவில்லை. அடுத்து வேலை பார்த்த இடத்தில் ஒரு கூட்டத்தில் கருத்துச் சொல்லப்போக, அதெல்லாம் உன் வேலையில்லை என்று அடக்கப்பட்டார். வெளியே வந்து 1962-ல், 6 பவுண்டு முதலோடு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘ஃபிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அன்று மென்பொருளைத் தனியாக விலைக்கு விற்பது என்பதே கேலிக்குரிய யோசனை. கணினி வாங்குபவருக்கு அது இலவசமாக வந்துகொண்டிருந்தது. ஐபிஎம் நிறுவனமே 1969-ல்தான் இரண்டுக்கும் தனித்தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது.

ஷர்லி வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் பயிற்சி பெற்று, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வேலையை விட்டிருந்த பெண்களை. முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். அவர்கள் வீட்டில் கணினி கிடையாது. தொலைபேசி இருந்தால் போதும். தீர்க்க வேண்டிய சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துப் படமாக வரைந்து, பென்சிலால் தாளில் நிரல் எழுதி, அஞ்சலில் அனுப்புவார்கள். அது வேறோரிடத்தில் அட்டையிலோ நாடாவிலோ துளையிடப்பட்டுக் கணினிக்குள் போகும். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது இப்படி அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்த சுமார் முப்பது பெண்கள்தான். அந்தக் குழுவை நடத்திய ஆன் மாஃபட், கைக்குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் 1966-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று உண்டு.

வேலை கேட்டு ஷர்லி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ‘ஸ்டெபனி’ என்பதை விட்டுவிட்டு ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்துப் போடும்படி கணவர் யோசனை சொன்னார். பதில்கள் வரத் தொடங்கின. கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் வந்திருப்பது பெண் என்று தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு சுஜாதா ஞாபகம் வந்தார். தமிழ் வாசகருக்குக் கணினியைப் பழக்கிய எழுத்தாளர்களில் முக்கியமானவர், பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய பொறியாளர் ரங்கராஜன். அவர் எழுதியது மனைவியின் பெயரில். அங்கே கணினித் தொழிலுக்குள் நுழைய ஒரு பெண்ணுக்கு ஆண் பெயர் தேவைப்பட்டது. இங்கே கணினியைப் பற்றி எழுதிய ஆண் பெண் பெயரில் எழுதினார். அதனால் அவர் எந்த வாசலிலும் நிற்க வேண்டி வரவில்லை. பெயர் மாற்றம் ஒருவருக்கு விருப்பமாகவும் இன்னொருவருக்கு அனுமதிச் சீட்டாகவும் இருந்த வித்தியாசத்தை வகுப்பில் சொன்னபோது, மாணவிகள் நான் விளக்காமலே சிரித்தார்கள்.

ஆனால் என்னை நிறுத்தியது பெயர் மட்டும் அல்ல, அந்த மேசையும்தான். ஒரு பெண் எழுதுவதற்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் தனி அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் வாதிட்டார். ஷர்லிக்கு இரண்டும் இல்லை. சாப்பிட்டு முடித்துத் துடைத்த மேசையில்தான் அவர் நிறுவனம் நடந்தது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் அழுகை கேட்டுவிடாமலிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து வைத்து ஓடவிடுவாராம். முதல் வாசிப்பில் இதை அவருடைய சாமர்த்தியம் என்று ரசித்தேன். இந்த முறை என் அம்மாவின் ஞாபகம் வந்தது.

என் அம்மா தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் பீடி சுற்றியவர். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். என்னைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே கை சுற்றிக்கொண்டிருக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை அம்மாவிடம் கேட்டு யாரும் வைத்ததில்லை. மாலையில் கடையில் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்கும்போது, சரியில்லை என்று கழித்துப் போடுகிற பீடிக்குக் காசு இல்லை. கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசில் வாங்கிச் சரிக்கட்ட வேண்டும். கணக்கு எழுதும் பாஸ் புத்தகமோ ஆச்சியின் பெயரில் இருந்தது. அம்மா சுற்றிய அத்தனை பீடியும் ஆச்சி சுற்றியதாகவே பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்து விசாரித்தால், “அவ வீட்டுலதான் சும்மா இருக்கா” என்பார் அப்பா. சுளகு அப்போதும் அம்மா மடியில்தான் இருக்கும்.

வீட்டிலிருந்தபடியே செய்வதால் மட்டும் ஒரு வேலை பெண்ணுக்குச் சுதந்திரம் தந்துவிடும் என்றால், எங்கள் ஊர்ப் பெண்கள் எப்போதோ சுதந்திரமானவர்கள். எனவே ஷர்லியின் மேசையை அம்மாவின் சுளகுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வீடு, இரண்டுக்கும் செய்த அளவுக்குக் கூலி, இரண்டிலும் பக்கத்தில் குழந்தை. வேறுபடுவது எங்கே?

முதல் வேறுபாடு, விலை. ஷர்லியின் நிறுவனம் வாடிக்கையாளரிடம் இந்த வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை சொன்னது. அப்படிச் சொல்ல, இந்த நிரலை எழுத எத்தனை நாள் ஆகும் என்று கணிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தன் உழைப்பை அளக்கும் கோல் அந்தப் பெண்களிடமே இருந்தது. அம்மாவுக்கு வேகம் இருந்தது, ஆனால் கோல் கடைக்காரரிடம் இருந்தது.

இரண்டாவது, தனிமை. ‘ஃபிரீலான்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டால் ஒற்றை ஆள் நினைவுக்கு வருகிறார். ஆனால் இங்கே ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி சரிபார்த்தாள். எல்லோரும் பின்பற்ற வேலைமுறை விதிகள் இருந்தன. ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் வேலை நிற்காமல் போனது அதனால்தான். தனித்தனி மேசைகளை இணைத்த ஏற்பாடுதான் நிறுவனமாக ஆயிற்று.

மூன்றாவது, உடைமை. நிறுவனத்தின் கால் பங்கைத் தன் பங்கிலிருந்தே கொடுத்து ஊழியர் கைக்கு மாற்றினார் ஷர்லி. பின்னாளில் பங்குச் சந்தைக்குப் போனபோது 70 ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள். பீடிக் கம்பெனியில் பங்கு என்ற சொல்லை அம்மா கனவிலும் கேட்டிருக்க மாட்டார்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, நூல் பேசாமல் கடந்துபோகும் இடங்களையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெண்கள் பெரும்பாலும் படித்தவர்கள், கணவர் வருமானம் உள்ளவர்கள், 1960களிலேயே வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர்கள். ஒரு மாதம் வேலை வராவிட்டாலும் அடுப்பு எரியும். சுயதொழில் செய்பவர்கள் என்ற கணக்கில் இருந்ததால், வேலை இல்லாத நாளின் நட்டம் அவர்களுடையது. பங்குகள் ஊழியர் கைக்கு வரத் தொடங்கியது 1980களில். அதற்கு முன்பே விலகிப்போனவர்கள் அந்த எழுபது பேரில் இருக்க வழியில்லை. எழுபது என்ற எண்ணை நூல் பெருமையோடு சொல்கிறது. விலகியவர்களின் எண் எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்று. திறமையான இத்தனை பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தது எப்படி? ஷர்லி இதைத் தான் கண்டுகொண்ட வாய்ப்பாகப் பார்க்கிறார். மார் ஹிக்ஸ் 2017-ல் எழுதிய ‘புரோகிராம்டு இனிக்குவாலிட்டி’ அதற்குப் பின்னால் இருந்ததைக் காட்டுகிறது. நிரல் எழுதுவது எழுத்தர் வேலைபோல மதிப்புக் குறைவாக இருந்த காலத்தில் பிரிட்டன் அதைப் பெண்களிடம் விட்டிருந்தது. அதில் அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களை ஒதுக்கி ஆண்களைக் கொண்டுவந்தது. அதன் விலையாகக் கணினித் துறையில் தன் முன்னிலையையே இழந்தது என்பது ஹிக்ஸின் வாதம். ஷர்லியின் தொட்டி நிரம்பியது அந்த ஒழுகலால்தான். அவர் வீணாகாமல் பிடித்துவைத்தார், அது பெரிய காரியம். ஒழுகலை அடைப்பது ஒரு தனி நிறுவனத்தால் ஆகிற காரியம் இல்லை. 1975-ல் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கு முன்னுரிமை தந்த அவருடைய கொள்கையே சட்டவிரோதமாகி, ஆண்களையும் சமமாக எடுக்க வேண்டி வந்தது.

கடைசியாக, மேசையைத் துடைத்தது யார்? அந்த வீடுகளில் சமையலும் துவைப்பும் யார் வேலையாக இருந்தன என்பதை நூலில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அலுவலகக் கடிகாரத்திலிருந்து பெண்களை விடுவித்த ஏற்பாடு, வீட்டுக் கடிகாரத்தைத் தொடவில்லை. ஷர்லியின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1963-ல் பிறந்த மகன் ஜைல்ஸுக்குக் கடுமையான ஆட்டிசம். இரண்டரை வயதளவில் பேச்சை இழந்தான். நிறுவனத்தையும் அவனையும் சேர்த்துச் சுமந்ததில் ஒருகட்டத்தில் அவரே மனமுடைந்து மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஜைல்ஸ் 1998-ல் முப்பத்தைந்து வயதில் இறந்தார். அந்தப் பக்கங்களை ஷர்லி மறைக்காமல் எழுதியிருக்கிறார். 2025-ல் தொண்ணூற்றொரு வயதில் மறைந்த அவர்மீது என் மரியாதை கூடியதும் அங்கேதான். வெற்றிக் கதையாக மட்டும் இதைப் பரப்புகிறவர்கள் கடந்துபோவதும் அந்தப் பக்கங்களைத்தான்.

மாணவி புத்தகத்தைப் படித்துவிட்டு மறுபடி அழைத்தாள். “ஸ்டீவ்னு போட்டாத்தான் வேலை வரும்னா நானும் போட்டுக்கிறேன் அம்மா” என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: வேலை எடுக்கும் தளங்களில் அவள் படம் வைக்கவில்லை, முதலெழுத்துகள் மட்டும்தான். கூலியும் மற்றவர்களைவிடக் குறைத்தே கேட்கிறாள். இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை எழுதுகிறாள். “எத்தனை மணி நேரம் ஆகும்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். தெரியும் என்றாள். “அப்புறம் ஏன் குறைச்சுக் கேட்கிற?” கொஞ்சநேரம் பேச்சில்லை. “வீட்டுல இருந்துதானே செய்றேன்னு...” என்று இழுத்தாள்.

அம்மாவின் பாஸ் புத்தகக் கதையை அவளிடம் அன்றுதான் சொன்னேன்.

போன மாதம் இரண்டு பழைய தோழிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். மூவருக்கும் குழந்தைகள். ஒருத்தி எழுதுவதை மற்றவள் சரிபார்க்கிறாள். பகலில் நான்கு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது கணவன் பொறுப்பு என்று பேசி முடிவாகியிருக்கிறதாம். எத்தனை நாள் நடக்கும் என்று பார்க்க வேண்டும். முழுப் பெயர் போட்டு, மணிக்கணக்கைக் குறைக்காமல் விலை எழுதி ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. விலையைக் குறைத்து இன்னொரு மின்னஞ்சல் அனுப்பலாமா என்று நேற்றுக் கேட்டாள். இன்னும் ஒரு வாரம் பொறு என்றேன்.