ஐந்து குழாய்க் கணக்கு

தயிரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பாக்டீரியாவை எண்ணவைக்கும் வித்தை இது. 1 மில்லி தயிரை 9 மில்லி கிருமி நீக்கிய நீரில் கலந்தால் பத்தில் ஒன்று. அதிலிருந்து 1 மில்லி எடுத்து அடுத்த குழாயின் 9 மில்லி நீரில் கலந்து, இப்படியே ஐந்து குழாய் தாண்டினால் லட்சத்தில் ஒன்று. குழாய்க்குக் குழாய் பிப்பெட் முனையை மாற்றியாக வேண்டும், சோம்பல் ஆகாது. கடைசிக் குழாயிலிருந்து 0.1 மில்லியை அகார் தட்டில் பரப்பி, இரண்டு நாள் கதகதப்பில் வைத்தால் பாக்டீரியா பெருகி வெள்ளைப் புள்ளிகளாக முளைத்திருக்கும். தட்டைக் கவிழ்த்து, அடியில் மார்க்கரால் ஒவ்வொன்றாகக் குத்தி எண்ணுவது தனி சுகம். 84 என்று வைப்போம். பத்தாலும் லட்சத்தாலும் பெருக்கினால் மில்லிக்கு 8 கோடியே 40 லட்சம்! 30-க்குக் கீழே என்றால் கணக்கை நம்ப முடியாது. 300-ஐத் தாண்டினால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். செத்த செல்கள் இந்தக் கணக்கில் வரவே வராது. ஒட்டிக்கிடந்த இரண்டு செல்களும் ஒரே புள்ளிதான்.