வினாகிரிச் சட்டி: டீஃபோவின் கொள்ளைநோய் நூலை முன்வைத்துச் சில குறிப்புகள்

2020 மார்ச் 20 ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நிறுத்தப்பட்ட முதல் வெள்ளி அது. அன்று மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. எத்தனை நாள் நீடிக்கும், கடை எப்போது திறக்கும், நோய் எங்கள் ஊருக்குள் வந்துவிட்டதா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் நான் முழுமையாக வாசித்து முடித்த நூல், டேனியல் டீஃபோ 1722இல் வெளியிட்ட 'கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பேடு'. டீஃபோவை ரொபின்சன் குரூசோவின் ஆசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். இந்த நூலை அதற்கு முன் இரண்டு தடவை தொடங்கி, கணக்குகள் நிறைந்த சலிப்பான புத்தகம் என்று வைத்துவிட்டிருந்தேன். ஊரடங்கில் வாசித்தபோது அந்தக் கணக்குகளே என்னைப் பிடித்துக்கொண்டன. அண்மையில் மீண்டும் வாசித்தேன். இந்நூலைப் பற்றியும், அதன் வழியாக அக்காலம் குறித்த நமது எழுத்தைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பிந்தியது சிலருக்கு உவப்பாக இராது.

நூல் சொல்வது 1665ஆம் ஆண்டு லண்டனைத் தாக்கிய கொள்ளைநோயை. கதைசொல்லி எச்.எஃப். என்ற இரண்டு எழுத்துக்களால் மட்டும் அறியப்படும் ஒரு சேண வியாபாரி, மணமாகாதவர். நோய் வந்தபோது டீஃபோவுக்கு ஏறத்தாழ ஐந்து வயதுதான். 1720இல் பிரான்சின் மார்செய் நகரில் மீண்டும் கொள்ளைநோய் பரவ, அது லண்டனுக்கும் வருமோ என்ற பயம் எழுந்த சூழலில்தான் அவர் இதை எழுதினார். அதாவது, 1665இன் முடிவு எப்படி இருந்தது என்பது எழுதும்போது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் முடிவு தெரியாத மனிதர்களின் மனநிலையை ஐம்பத்தேழு வருடங்களுக்குப் பின்னும் அவரால் காப்பாற்ற முடிந்திருக்கிறது. இந்நூலின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நூலின் தொடக்கத்தையே பாருங்கள். 1664 செப்டெம்பரில் அயலவர்கள் கதைத்துக்கொள்கிறார்கள்: ஒல்லாந்தில் மறுபடியும் கொள்ளைநோயாம். அது இத்தாலியிலிருந்து வந்தது என்கிறார் ஒருவர். துருக்கிக் கப்பல்களின் சரக்கோடு வந்தது என்கிறார் இன்னொருவர். சைப்பிரஸிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பின்னர் டிசெம்பரில் லண்டனில் இருவர் இறக்கிறார்கள். அதன்பின் வாராந்த மரணப் பட்டியல்கள் வரத் தொடங்குகின்றன. கொள்ளைநோய் என்று எழுதப்பட்ட இடத்தில் எண்ணிக்கை சிறிது. ஆனால் மொத்த அடக்கங்கள் மட்டும் வாரத்துக்கு வாரம் கூடுகின்றன. வேறு காய்ச்சல்களின் பெயரில் நோய் மறைக்கப்படுகிறது என்பதைச் சனங்கள் மெல்ல மெல்ல ஊகிக்கிறார்கள். வீடு பூட்டப்பட்டுவிடும் என்ற பயத்தில் குடும்பங்களே மறைத்தன என்பதையும் டீஃபோ சொல்லத் தவறவில்லை.

நம் நாட்டில் 2020 ஜனவரி 27இல் சீனப் பெண்ணொருவருக்குத் தொற்று உறுதியானபோது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மார்ச் இரண்டாம் வாரத்தில் உல்லாசப் பயண வழிகாட்டி ஒருவருக்கு வந்தபின்தான் பேச்சு மாறியது. பிறகு மாலைச் செய்தியின் எண்ணிக்கை எங்கள் வீட்டிலும் ஒரு சடங்காகிவிட்டது. உம்மா அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் மறுநாளைக்கு அரிசி அளப்பார். எண் கூடினால் அரை மிடறு குறைப்பார். அந்த எண்ணுக்கும் எங்கள் அரிசிப் பானைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாத ஒன்றின் முன்னால் கையால் செய்யக்கூடிய ஒரு வேலை அவருக்குத் தேவைப்பட்டது.

டீஃபோவின் நூலில் இதற்கு நிகரான ஒரு காட்சி சந்தையில் வருகிறது. இறைச்சி வாங்க வருகிறவர் கடைக்காரரின் கையிலிருந்து அதை வாங்குவதில்லை. கொளுக்கியிலிருந்து தானே கழற்றி எடுக்கிறார். கடைக்காரரும் காசைக் கையால் தொடுவதில்லை. வினாகிரி நிரம்பிய சட்டியொன்றை வைத்திருக்கிறார். காசு அதற்குள் போடப்படுகிறது. மிச்சம் வாங்கத் தேவையில்லாதபடி வாங்குபவர் எப்போதும் சில்லறையோடு வருகிறார்.

ஊரடங்கு தளர்த்தப்பட்ட நாளொன்றில் எங்கள் தெருமுனைக் கடையில் இதே காட்சியைக் கண்டேன். முதலாளி கதவுக்குக் குறுக்கே வாங்கொன்றைப் போட்டு, அதன்மேல் சவர்க்காரத் தண்ணீர் வாளியை வைத்திருந்தார். காசுக் குற்றிகள் வாளிக்குள், தாள் காசு வெயிலில் விரித்த ஒரு சாக்கின்மேல். அவர் டீஃபோவைக் கேள்விப்பட்டதே இல்லை.

கொள்ளைநோயின் கிருமி 1894இல்தான் கண்டறியப்பட்டது. வினாகிரியால் 1665இல் எத்தனை பேர் தப்பினார்கள் என்று யாராலும் சொல்ல இயலாது. எங்கள் வீடுகளில் அவித்துக் குடித்த கொத்தமல்லியும் கருஞ்சீரகமும் இத்தகையனவே. ஆனால் டீஃபோ வினாகிரிச் சட்டியைக் கேலி செய்வதில்லை. அதே நூலில் போலி வைத்தியர்களையும், சோதிடர்களையும், எழுத்துக்களை முக்கோணமாக எழுதிக் கழுத்தில் கட்டிய தாயத்துக்களையும் மிகக் கடுமையாகச் சாடுகிறார். இந்த வேறுபாட்டை முதலில் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது வாசிப்பில்தான் புரிந்தது. வினாகிரிச் சட்டியை வைத்தவர் தனக்கு எதுவும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறார். உன்னிடமிருந்து எனக்கு வரலாம், என்னிடமிருந்து உனக்கும் வரலாம், ஆயினும் நாம் கொடுத்து வாங்க வேண்டும் என்பதே அதன் அர்த்தம். தாயத்து விற்பவரோ நிச்சயத்தை விற்கிறார். தெரியாமையைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. பயந்தவனிடம் நிச்சயத்தை விற்பது வேறொன்று. கொள்ளைநோய்க் காலத்தின் அறம் பற்றி டீஃபோவிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது இதுவே.

தெருவில் ஒரு கூட்டம் வானத்தைப் பார்த்து நிற்கும் காட்சியும் குறிப்பிடத்தக்கது. மேகத்தில் வாளேந்திய மலக்கு தெரிகிறது என்கிறாள் ஒரு பெண். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அங்கமாகத் தெரியத் தொடங்குகிறது. எச்.எஃப். உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் வெயில் பட்ட வெண்மேகமே எனக்குத் தெரிகிறது என்கிறார். கூட்டம் அவர்மீது பாய்கிறது. வட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு இந்தக் கூட்டத்தை விளக்கத் தேவையில்லை. இன்ன ஊரில் இத்தனை மையித்து, அரசாங்கம் மறைக்கிறது என்று அழுகிற குரலொன்றை நானும் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். அது பொய்யென்று பின்னர் தெரிந்தது. வெண்மேகம் மட்டுமே தெரிகிறது என்று சொல்ல அன்று எனக்குத் துணிவிருக்கவில்லை.

முஸ்லிம் வாசகர் ஒருவர் இந்நூலில் நின்று பேச வேண்டிய ஓர் இடம் உண்டு. ஊரைவிட்டுப் போகும்படி எச்.எஃப்.ஐ வற்புறுத்தும் அவருடைய சகோதரர், விதியை நம்பிக்கொண்டு நோயுள்ள இடங்களுக்குள் அலட்சியமாகப் புகுந்து கூட்டங்கூட்டமாய்ச் செத்த துருக்கியரையும் முஹம்மதியரையும் உதாரணங் காட்டுகிறார். ஐரோப்பிய எழுத்தில் பலகாலம் திரும்பத் திரும்ப வந்த சித்திரம் இது. நமது மரபோ இவ்வளவு எளிமையானதன்று.

உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃக் என்ற இடத்தில் அங்கு கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைக்கிறது. முஹாஜிர்களிடம் கேட்கிறார்கள், கருத்து இரண்டாகிறது. அன்ஸாரிகளிடம் கேட்கிறார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷி முதியவர்களைக் கேட்டு, திரும்புவது என முடிவு செய்கிறார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்க, ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதில் வருகிறது. நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், இருக்கும் ஊரில் வந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து அறிவிப்பது இந்த முடிவுக்குப் பிறகுதான். நாம் இச்சம்பவத்தைச் சட்டத்துக்காக மட்டுமே எடுத்தாளுகிறோம். ஆனால் நிச்சயமான அறிவு வந்து சேருமுன், கருத்து வேற்றுமையின் நடுவே, முடிவெடுக்க வேண்டியிருந்த ஒரு தலைவரின் பாரம் அதில் இருக்கிறது. கதையாகவும் அது வாசிக்கப்பட வேண்டும்.

அதேபோல் கொள்ளைநோயில் தம் பெண்மக்களைப் பறிகொடுத்த இப்னு ஹஜர் அல் அஸ்கலானி, ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோ மக்கள் நோன்பு நோற்றுப் பாலைவெளியில் கூடிப் பிரார்த்தித்ததையும், நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த மரணங்கள் ஒரு மாதத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டியதையும் பதிந்திருக்கிறார். தம் சமூகத்துக்குச் சங்கடமான எண்ணை மறைக்காமல் எழுதியவர் ஒரு ஹதீஸ்கலை மேதை என்பதை நம் எழுத்தாளர்கள் ஞாபகத்தில் வைப்பது நல்லது.

நூலில் என்னால் எளிதில் கடந்து போகமுடியாத பக்கம் ஓல்ட்கேட் குழியினுடையது. தன் மனைவியும் பிள்ளைகளும் கிடக்கும் வண்டியின் பின்னால் ஒரு மனிதன் நடந்து வருகிறான். அழவில்லை. உடல்கள் குழிக்குள் போவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று மட்டும் கேட்கிறான். வண்டி திரும்பி, எல்லா உடல்களும் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. ஒழுங்காகக் கிடத்துவார்கள் என்றாவது அவன் எதிர்பார்த்திருந்தான். அப்போதுதான் கதறி, இரண்டடி பின்வைத்து மயங்கி விழுகிறான். நோயையும் மரணத்தையும் அதுவரை தாங்கி வந்தவன், மரணத்துக்குப் பின்னான ஒழுங்கு குலைந்ததும் உடைந்து போகிறான். எல்லாமே நிச்சயமற்றுப் போனாலும் இது மட்டும் முறைப்படி நடக்கும் என்று மனிதன் நம்பும் கடைசிக் காரியம் அது.

அந்தக் கடைசிக் காரியம்தான் நம்மிடமிருந்து எடுக்கப்பட்டது. அடக்கம் செய்யவும் இடமளித்திருந்த சுகாதார வழிகாட்டல் மார்ச் இறுதியில் மாற்றப்பட்டது; ஏப்ரல் 11இல் எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாயிற்று. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கையில், நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். அந்த டிசெம்பரில் பிறந்து இருபது நாளேயான சிசுவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. டீஃபோவின் அளவுகோலால் பார்த்தால் அந்த நெருப்பு ஒரு தாயத்து. அறியாமையை ஒப்புக்கொள்ள மனமில்லாத அதிகாரம், பயந்திருந்த ஒரு நாட்டுக்கு விற்ற நிச்சயம். விலையைக் கொடுத்தது நம் மையித்துக்கள்.

இதைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதினார்கள். எழுதியிருக்கவே வேண்டும். ஆனால் நான் வாசித்த கவிதைகளிலும் கதைகளிலும் பெரும்பாலானவை நெருப்பிலிருந்து தொடங்குகின்றன, நெருப்பிலேயே முடிகின்றன. அவற்றில் மௌத்தாகிறவருக்கு மார்ச் மாதம் என்று ஒன்று இல்லை. அவர் அரிசி அளக்கவில்லை, காசை வாளியில் போடவில்லை, பொய்ச் செய்தி எதையும் நம்பவில்லை. எரிக்கப்படுவதற்காகவே கதைக்குள் வருகிறார். வாழ்ந்த மனிதராக நமக்கு அறிமுகமாகாத ஒருவரின் ஜனாஸாவுக்காக வாசகர் எப்படி அழுவார்? கோபப்படுவார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீஃபோ தம்மவரின் தவறுகளை எழுதினார். பூட்டிய வீட்டுக் கதவின் செஞ்சிலுவையையும், அதைக் கண்டு விலகி நடந்தவர்களையும் எழுதினார். எங்கள் தெருவிலும் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்ட வீடொன்று இருந்தது. ஊரடங்கு இல்லாத நாட்களிலும் நான் பின்தெருவால் சுற்றிப் போனேன். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வேண்டாமென்று என் பிள்ளைகளிடம் சொன்னேன். பதினான்கு நாளில் ஒரு தடவையாவது அந்தப் படலையில் ஒரு பாணை வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைக்கவில்லை. நமது எழுத்தில் இந்தப் பின்தெரு ஏன் இல்லை? எதிரியிடம் நம் குறைகளைக் கொடுத்துவிடுவோம் என்ற பயம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆயினும் குறையற்ற சமூகமாக நம்மை எழுதும்போது, நமக்கு நிகழ்ந்த அநியாயமும் நம்பத்தகாததாகிவிடுகிறது.

டீஃபோவின் நூலும் குறைகளற்றதன்று. சொன்னதையே சொல்கிறது, ஒழுங்கான கட்டமைப்பு இல்லை, பெண்கள் பேசுவது மிகக் குறைவு. நம் ஊர்களில் அந்த மாதங்களைத் தூக்கிச் சுமந்தவர்கள் பெண்களே என்பதால் அக்குறையை நாம் பின்பற்றத் தேவையில்லை.

ஞாபகங்கள் வேகமாகத் தேய்கின்றன. எங்கள் முதலாளி வாளியை எப்போதோ உள்ளே எடுத்துவிட்டார். எந்த மாதம் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. மார்ச் 20 வெள்ளியன்று வாப்பா வழமைபோல் குளித்து, வெள்ளைச் சாரமும் சேர்ட்டும் உடுத்தி, அத்தர் பூசி, பன்னிரண்டரைக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். எங்கு போவது என்று தெரியவில்லை. குத்பா முடியும் நேரம் வரை பேசாமல் இருந்துவிட்டு, எழுந்து உள்ளே போய் ளுஹர் நான்கு ரக்அத்தையும் தொழுதார். அவருடைய வயதில் ஒவ்வோர் ஊரிலும் நூறு பேராவது அன்று அப்படி உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் திண்ணையை நம் கதை எதிலும் நான் இன்னும் வாசிக்கவில்லை.